ஆச்சிரமத்திற்கு முன் எழுந்த மருந்தகம்

ரிஷிகேசத்துச் சிவானந்த ஆச்சிரமம் என்றதும் யோகாசனமும் தியானமுமே பலருக்கு நினைவில் எழும். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். சுவாமி சிவானந்தரின் வரலாற்றைப் படித்தபோது அவ்வெண்ணம் மாறியது.

1887இல் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த குப்புசாமியே பிற்காலத்துச் சிவானந்தர். மலாயாவில் பத்தாண்டு காலம் வைத்தியராகப் பணியாற்றியவர், 1924இல் ரிஷிகேசத்தை அடைந்து துறவு பூண்டார். ஆனால் வைத்தியத்தை அவர் துறக்கவில்லை. 1927இல், தமது காப்புறுதிப் பணத்தைக் கொண்டு லக்ஷ்மண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றை நடத்தினார். நோயுற்ற சாதுக்களும் யாத்திரிகர்களும் ஏழைகளும் அங்கு சிகிச்சை பெற்றனர்.

தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை அவர் நிறுவியதோ 1936இல்தான். 1943இல் ஆச்சிரமத்தில் அகண்ட நாமசங்கீர்த்தனம் தொடங்கியது. பசித்தோருக்கு உணவும், தொழுநோயாளருக்குப் பராமரிப்பும் அவ்வழிபாட்டின் பகுதியாகவே கருதப்பட்டன. அவர் வகுத்த சாதனை நெறியிலும் சேவையே முதற்படி. தியானம் அதன் பின்னரே வருகிறது.

1950இல் இலங்கைக்கும் வந்து சென்ற அவர், 1963இல் மறைந்தார். நம்மூர்க் கோயில்களில் இராஜகோபுரத் திருப்பணிக்கு நிதி திரட்டும் அறிவித்தல்களைக் காணும்போதெல்லாம், கங்கைக் கரையின் அந்தச் சிறு மருந்தகமே என் நினைவுக்கு வருகிறது. அதன் அருகே ஒரு மருந்தகமும் எழுமா?