பாலும் மனிதரும்: பண்பாடு முந்தியதா, மரபணு முந்தியதா?

வளர்ந்தோர் பாலைச் செரிக்க இயலாமையை ஒரு குறைபாடாகக் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. வரலாற்று நோக்கில் இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி சிதைக்கிறது. பால்குடி மறந்தபின் இச்சுரப்புக் குறைவது பாலூட்டிகளின் பொது இயல்பு. உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இவ்வியல்பினரே. சுரப்பு வாழ்நாள் முழுதும் நீடிப்பதுதான் பிற்கால மாற்றமாகும். ஐரோப்பியரிடையே இதனோடு தொடர்புடைய மரபணு மாற்றத்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கிழக்கு ஆப்பிரிக்க மக்களிடையே வேறு மாற்றங்கள் தனித்துத் தோன்றியமையைச் சாரா டிஷ்காஃப் குழுவினர் 2007இல் நிறுவினர்.

அவ்வாறாயின், பாலை உண்ணும் வழக்கம் முந்தியதா, செரிக்கும் ஆற்றல் முந்தியதா? வடமேற்கு அனத்தோலியாவின் மட்பாண்டங்களில் கி.மு. 7ஆம் ஆயிரத்தாண்டிலேயே பாற்கொழுப்பின் எச்சங்கள் காணப்படுகின்றன. போலந்தில் கிடைத்த துளையிட்ட மட்கலங்கள், கி.மு. 6ஆம் ஆயிரத்தாண்டில் பாலாடைக்கட்டி செய்யப்பட்டமைக்குச் சான்றாகின்றன. ஆனால், 2007இல் ஆராயப்பட்ட ஐரோப்பியப் புதிய கற்கால எலும்புகளில் அம்மரபணு மாற்றம் காணப்படவில்லை. எனவே வழக்கமே முந்தியது எனலாம். பாலாடைக்கட்டி செய்கையில் லாக்டோஸின் பெரும்பகுதி நீரோடு வடிந்துவிடுகிறது. உடல் செய்ய இயலாததைக் கைத்தொழில் செய்தது.

இந்தியச் சான்றுகளும் நோக்கத்தக்கன. குஜராத்தின் கொட்டடா பட்லியில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சார்ந்த மட்கலங்களில் பாற்பொருள் எச்சங்கள் இருந்தமையை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. இந்தியரிடையே பெரிதும் காணப்படுவது ஐரோப்பியருக்குரிய அதே மரபணு மாற்றமே என்றும், அது வடமேற்கில் மிகுந்து தெற்கிலும் கிழக்கிலும் குறைகிறது என்றும் 2012ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. ஆயினும் தெற்கில் பாற்பொருள் உணவு குன்றவில்லை. பால் தயிராகத் தோயும்போது நுண்ணுயிரிகள் லாக்டோஸில் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றன. நெய்யிலோ அஃது ஏறக்குறைய இல்லை. மங்கோலிய மேய்ப்பரும் இம்மரபணு மாற்றம் அரிதாயிருந்தும், புளித்த பாலைக் கொண்டே வாழ்ந்து வந்துள்ளனர்.

பால் அருந்தும் வழக்கம் மட்டுமே இம்மாற்றத்தைப் பரப்பியதாகக் கொள்வதற்கில்லை. பஞ்சமும் நோயும் சூழ்ந்த காலங்களில் செரியாமை உயிருக்கே இடராகியிருக்கலாம் என 2022இல் ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் கருதினர்.

ஆகவே, குறைபாடு என்னும் சொல் வட ஐரோப்பியர் உடலை அளவுகோலாகக் கொண்டு பிறந்ததேயன்றி, மனித இனத்தின் பொதுநிலையைச் சுட்டுவதன்று. பெரும்பான்மையோரின் இயல்பை நோயெனப் பெயரிடுவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை என்பது நம் துணிபு.