பருந்தின் காலில் வளையம் எதற்கு?

போர்ட்டிக்சன், லிங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருக்கிறீர்களா? மார்ச் மாதத்தில் காலை 10 மணிக்கு மேல் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பெரிய பறவைகள் வட்டமடித்து மேலே ஏறுவது தெரியும். 'கோழிக்குஞ்சைத் தூக்க வந்துடுச்சு'ன்னு விரட்ட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தேன் பருந்துகள். அவை தேடுவது குளவிக் கூட்டிலும் தேன்கூட்டிலும் இருக்கும் புழுக்களைத்தான்.

குளிர்காலத்தை இந்தோனேசியாவில் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் வழியில் இவை இங்கே கரையேறுகின்றன. தரையில் சூடாகி எழும் காற்றில் ஏறி மிதந்தே நெடுந்தூரம் போகும் பறவை இது. கடல்மேல் அந்தக் காற்று கிடைப்பது அரிது. இறக்கை அடித்தே கடக்கணும். அதனால்தான் நீரிணை குறுகலான இடத்தைத் தேடுகிறது. ரூபாட் தீவிலிருந்து தஞ்சோங் துவான் முனைக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். (அந்த முனை நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தம்!) களைத்து வரும் பறவைகள் அங்கே மரத்தை உரசுகிற மாதிரித் தாழப் பறக்கும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துகிறது.

எண்ணிக்கை சரி, எங்கிருந்து எங்கே போகிறது? அதற்குத்தான் வளையம். பறவையைப் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டி விட்டுவிடுவார்கள். 1963-இல் மெக்ளூர் தலைமையில் தொடங்கிய திட்டத்தில் ஆசியா முழுவதும் 10 லட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையமிட்டார்கள். ஆனால் அதே பறவை மறுபடி யார் கையிலாவது கிடைத்தால்தான் அந்த எண்ணுக்குப் பயன். உயரத்தில் பறக்கும் பருந்து அவ்வளவு எளிதில் கிடைக்குமா?

2003-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிகுச்சியின் குழு தேன் பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தியது. இலையுதிர் காலத்தில் அவை 700 கிலோமீட்டர் கிழக்குச் சீனக் கடலை ஒரே மூச்சில் தாண்டி, சீனா, இந்தோசீனா, மலாய் தீபகற்பம் வழியாகத் தெற்கே இறங்கின. திரும்பும்போது அந்தக் கடல் பக்கமே போகவில்லை. கொரியா வழியாகச் சுற்றிப் போய் ஜப்பானை அடைந்தன. ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர்!

தோட்டத்தில் வளையத்தோடு ஒரு பறவை விழுந்து கிடந்தால், உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீங்க. எண்ணைப் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். செத்திருந்தாலும் அந்த எண் வேண்டும்.