மஜ்லிஸ் என்னும் சொல்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சங்கம் உண்டு. இந்து மாணவர் சங்கமும் உண்டு. முஸ்லிம் மாணவர்களின் அமைப்புக்கு மட்டும் முஸ்லிம் மஜ்லிஸ் என்று பெயர். கண்டியில் என் சிறுபராயத்தில் நான் அறிந்த மஜ்லிஸோ வேறு. மௌலூது மஜ்லிஸ், கத்தம் மஜ்லிஸ், ராத்திபு மஜ்லிஸ். பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, சாம்பிராணி புகைய லெப்பையும் வாப்பாவும் சந்தையில் மரக்கறி விற்பவரும் ஒரே வரிசையில் உட்காருவர். பின்னர் ஆறு பேருக்கு ஒரு சஹன்.

அரபியில் ஜலஸ என்றால் உட்கார்ந்தான். மஜ்லிஸ் என்றால் உட்காரும் இடம். அங்கு கூடும் கூட்டத்தையும் அச்சொல் குறிக்கும். அல்குர்ஆனில் முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் மஜாலிஸ் எனப் பன்மையில் வருகிறது. பிறருக்கு இடம்விட்டு அமர்வதே அங்கு பேசப்படும் விடயம். தொழுகையில் இரு ஸுஜூதுகளுக்கு இடையிலான இருப்பு ஜல்ஸா. உருதுவில் அது கூட்டம். சென்னைத் தெருப் பேச்சில் அதுவே கும்மாளமாகிப் போனது வேறு கதை!

இங்கிலாந்தில் கற்ற இந்திய மாணவர்கள் 1891இல் கேம்பிரிட்ஜிலும் 1896இல் ஒக்ஸ்போர்டிலும் தொடங்கிய கழகங்களுக்கு மஜ்லிஸ் என்றே பெயரிட்டனர். அவற்றில் இந்துக்களும் இருந்தனர். ஈரானில் 1906 முதல் பாராளுமன்றமே மஜ்லிஸ், மாலைதீவிலும் அவ்வாறே. 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தின் மஜ்லிஸில் பள்ளிவாசல் வழக்கும் ஆங்கிலக் கலாசாலை மரபும் கலந்துள்ளன என்பது என் ஊகம்.

நமது புலவர்கள் மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து எனத் தம் இலக்கிய வகைகளுக்கு அரபு, பாரசீகப் பெயர்களைத் தயங்காது எடுத்தாண்டனர். ஆயினும் காப்பியத் தொடக்கத்தில் அவர்கள் பாடியது அவையடக்கமே. அது மஜ்லிஸடக்கம் ஆகவில்லை. கற்றோர் கூடுமிடம் அவை, ஓதக் கூடுமிடம் மஜ்லிஸ் என்ற பிரிவு நம்மிடம் இருந்திருக்கிறது.

மௌலூது கூடுமா, கூடாதா என்ற விவாதத்துள் நான் இங்கு நுழையவில்லை. அந்த விவாதத்தின் நடுவே பாய் சுருட்டப்பட்டதே என் கவலை.

சென்ற வருடம் கண்டிக்கு அருகே ஒரு மஜ்லிஸுக்குப் போனேன். மேடை இருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் பெயர் ஒட்டியிருந்தார்கள். முழங்கால் வலிக்காரனான எனக்குக் கதிரை வேண்டியதுதான். நான் சொல்வது ஒட்டிய பெயரை. நபியவர்களின் சபைக்கு வருவோர் அது முடியும் இடத்தில் அமர்ந்ததாக ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அறிவித்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. இரண்டாம் வரிசையில் என் பெயரும் இருந்தது. போய் அதில்தான் உட்கார்ந்தேன்.