ஓபலைனா: ஒரு வகைப்பாட்டுப் பெயரின் வரலாறு

தவளையின் குடலில் வாழும் ஒருசெல் உயிரிகளை டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் 1683இல் தம் உருப்பெருக்கியால் கண்டார், பெயரிடவில்லை. 1835இல் புர்க்கின்யே, வாலன்டின் ஆகிய இருவரும் ஓபல் மணியைப் போன்ற அவற்றின் மங்கிய ஒளியைக் கருதி ஓபலைனா என்னும் பெயரை இட்டனர். மணியின் பெயரைக் கல் எனப் பொருள்படும் வடமொழி 'உபல'த்தோடு இணைப்பாரும் உளர். எவ்வாறாயினும், இப்பெயர் கண்ணுக்குப் பட்டதை மட்டுமே கூறுகிறது.

அடுத்த பெயர் அத்தகையதன்று. உடல் முழுதும் குறுயிழைகள் வரிசையாக அமைந்திருத்தலைக் கண்ட அமெரிக்க அறிஞர் மெட்காஃப், இவற்றைக் குறுயிழை உயிரிகளின் தொன்மையான கிளையாகக் கொண்டு 'புரோட்டோசிலியேட்டா' என்றார். இது வருணனை அன்று. மரபுவழி பற்றிய ஒரு வாதம். உடல் உருளையா தட்டையா, உட்கரு இரண்டா பலவா என்னும் இரண்டு வினாக்களால் அவர் பேரினங்களைப் பிரித்தார். இரு உட்கருவும் உருளை வடிவும் உடையது புரோட்டோஓபலைனா. இரு உட்கருவும் தட்டை வடிவும் உடையது செல்லரியெல்லா. பல உட்கருவுடன் உருளையாக இருப்பது செப்பீடியா, தட்டையாக இருப்பது ஓபலைனா.

மெட்காஃப் 1923இல் வெளியிட்ட பெருநூலின் சுவையான பகுதி பரவல் பற்றியதாகும். அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த தவளைகளின் குடல்களையும் அவர் ஆராய்ந்தார். தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒத்த தவளைகளில் செல்லரியெல்லாவே காணப்படுவதைச் சுட்டினார். தவளைகள் இரண்டிடங்களில் தனித்தனியே ஒத்த உருவம் பெற்றன எனினும், அவற்றின் குடலுயிரிகளும் அவ்வாறே ஒத்தமைதல் அரிது. ஆகவே பண்டு நிலத்தொடர்பு இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. 1925இல் டன் இம்முறையை எதிர்த்து எழுதினார். அவ்விரு நிலத்துத் தவளைகளும் இன்று வெவ்வேறு குடும்பங்களில் வைக்கப்படுகின்றன. எனினும் தென்கண்டங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தன என்பது பின்னர் வேறு சான்றுகளால் நிறுவப்பட்டது. முடிபு நின்றது; அதைத் தாங்கிய வகைப்பாடு நிற்கவில்லை.

பெயருக்கும் அதே கதி நேர்ந்தது. குறுயிழை உயிரிகளுக்குப் பெரிதும் சிறிதுமாக இருவகை உட்கருக்கள் உண்டு. ஓபலைனாவில் எல்லா உட்கருக்களும் ஒரே வகையின. மேலும், அதன் உடல் இழைவரிசைகளின் இடையே பிளக்கிறது. வரிசைகளைக் குறுக்கே வெட்டிப் பிளப்பதில்லை. இவற்றைக் கொண்டு 1955இல் கார்லிஸ் இவற்றைக் கசையிழை உயிரிகளோடு சேர்த்தார். 1985இல் பேட்டர்சன் நுண்ணமைப்பு ஆய்வினால் இவற்றின் உறவை மீண்டும் வரையறுத்தார். 2004இல் மரபணு வரிசை ஆய்வும் இவற்றை டயாட்டம்களும் பழுப்புப் பாசிகளும் அடங்கும் பெருங்கிளையில் வைத்தது.

'புரோட்டோசிலியேட்டா'வை 'முதற்குறுயிழையிகள்' எனத் தமிழாக்கினால், கைவிடப்பட்ட கொள்கையொன்று தமிழில் புதிதாகப் பிறக்கும். வரலாற்று நூலில் அது தகும், பாடநூலில் தகாது. 'ஓபலைனா' ஒலிபெயர்ப்பாகவே நிற்பதில் இழப்பில்லை. இவற்றைச் சுட்ட நாம் வழங்கும் 'ஒட்டுண்ணி' என்னும் சொல்லும் ஆராயத்தக்கதே. வாயில்லாத இவ்வுயிரிகள் உடற்பரப்பின் வழியே குடலிலுள்ள ஊட்டப்பொருளை உறிஞ்சுகின்றன. தவளைக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. 'குடல்வாழ் உயிரி' என்றால் போதும்.