ஒரு சிப்ஸுக்கு ஒரு மிளகாய்

சான் அன்டோனியோவுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், மகன் பிறந்தநாளுக்குப் பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டு நாச்சோ மேசை போட்டேன். பெரிய அலுமினியத் தட்டில் சோளச் சிப்ஸைக் கொட்டி, அதன் தலையில் பீன்ஸ், உருக்கிய சீஸ், தக்காளி சல்சா எல்லாவற்றையும் நானே ஊற்றி வைத்தேன். வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் அடியில் இருந்த சிப்ஸ் ஊறிக் கூழாகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, உப்புமா கிண்டினியா?" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி மெக்சிகோவின் கோவாவீலா மாநிலத்தில் பிறந்தவர். ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு திரும்பினார். முப்பது சிப்ஸ் இருக்கும். ஒன்றோடொன்று முட்டாமல் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் உருகிய சீஸ், நடுவில் வினிகரில் ஊறிய ஹலபேன்யோ மிளகாய் ஒரு வில்லை. வேறெதுவும் இல்லை. நாச்சோ என்றால் இதுதான் என்றார். அது பாட்டியின் ஊர்ப்பெருமை என்று அன்று நினைத்துக்கொண்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான், அவர் சொன்னது அப்படியே வரலாறு என்று தெரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் ஈகிள் பாஸ். அங்கே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் பியெத்ராஸ் நெக்ராஸ். 1940களின் தொடக்கத்தில் அங்கே விக்டரி கிளப் என்ற உணவகத்தில், வருபவர்களை வரவேற்று உட்காரவைக்கும் பொறுப்பில் இருந்தவர் இக்னாசியோ அனாயா. சுப்பிரமணியன் மணி ஆவதுபோல அங்கே இக்னாசியோ என்றால் நாச்சோ. ஒருநாள் மேமி ஃபினன் என்ற வாடிக்கையாளர் தோழிகளோடு வந்து, வழக்கமில்லாத பலகாரம் ஏதாவது வேண்டும் என்றார். சமையல்காரரைக் காணோம். அனாயாவே அடுக்களைக்குள் போனார். தோர்த்தியா என்ற சோள ரொட்டியை வெட்டிப் பொரித்து, மேலே சீஸ் தூவி, ஓவனில் வைத்து உருக்கி, மிளகாய் வில்லைகளை வைத்துக் கொண்டுவந்தார். பெயர் கேட்டதற்குத் தன் பெயரையே வைத்தார். நாம் 'நாச்சோஸ்' என்று பன்மையாகச் சொல்வது, உண்மையில் 'நாச்சோவின் பலகாரம்' என்ற பொருளில் வந்தது. 1954இல் ஈகிள் பாஸ் தேவாலயப் பெண்கள் தொகுத்த சமையல் புத்தகத்தில் செய்முறை அச்சாகிவிட்டது.

அவர் கையில் இருந்த தோர்த்தியா மிகப் பழைய பண்டம். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, தோலைக் கழுவி அரைப்பார்கள். அப்போதுதான் மாவு விரியாமல் சேர்ந்து வரும். சோளத்தின் சத்தும் உடம்பில் ஒட்டும். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர், போர்த்துக்கீசியர்தான் நமக்குக் கொண்டுவந்தார்கள் என்றேன். அதற்குக் கோபமே வந்துவிட்டது.

அனாயா 1975இல் இறந்தார். தன் பலகாரத்துக்கு எந்த உரிமையும் பெற்றுவைக்கவில்லை. அடுத்த வருடமே அது வேறொன்றாக மாறியது. எங்கள் ஊர்க்காரர் ஃபிராங்க் லிபர்ட்டோ, ஆர்லிங்டன் பேஸ்பால் அரங்கத்தில் நாச்சோ விற்கத் தொடங்கினார். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஓவனில் சீஸ் உருகும்வரை நிற்பார்களா? அதனால் டப்பாவில் கெடாமல் இருக்கும், எப்போதும் இளகியே இருக்கும் சீஸ் சாஸ் தயாரித்தார். சிப்ஸ் ஒருபக்கம், சூடான சாஸ் ஒருபக்கம், மிளகாய் ஒருபக்கம். காரம் தின்றவர்கள் குளிர்பானமும் கூட வாங்கினார்கள். 1978இல் ஹோவர்ட் கோசெல் தொலைக்காட்சி அமெரிக்கக் கால்பந்து வர்ணனையில் இந்தப் பெயரைச் சொல்லப்போய் நாடெங்கும் பரவியது.

கரண்டி விருந்தாளி கைக்குப் போக வழி திறந்தது இங்கேதான் என்பது என் கணிப்பு. சீஸ் உருக ஓவன் தேவைப்பட்டவரை, அடுக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. சாஸ் தனியாக நின்றதும், வேண்டியதை வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம் என்றானது. ஆனால் அம்மாவுக்கு அந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "வீட்டுக்கு வந்தவங்களை நீயே போட்டுக்கோன்னு சொல்றதா?"

இப்போது நான் எதையும் முன்கூட்டி ஊற்றுவதில்லை. மேசையின் தொடக்கத்தில் கூடையில் சிப்ஸ், பிறகு கெட்டியான பீன்ஸ், அப்புறம் சீஸ், தண்ணீர் வடித்த சல்சா கடைசியில். துருவிய சீஸைக் கார்ன்ஃப்ளாரில் புரட்டி எவாப்பரேட்டட் பாலில் உருக்கினால் மூன்று மணி நேரம் திரியாமல் நிற்கும். டப்பா சாஸ் மட்டும் எனக்கு ஆகாது, லிபர்ட்டோ மன்னிக்கட்டும்.

கூடவே அனாயா முறையில் ஒரு தட்டு ஓவனுக்குள் போகும். அம்மா வந்திருக்கும்போது அந்தத் தட்டு அவள் பொறுப்பு. ஆளுக்கு இரண்டு என்று எண்ணி, ஒவ்வொருவர் தட்டிலும் தானே வைப்பாள். மகனின் குண்டூர் நண்பனுக்கு மட்டும் கேட்காமலே மிளகாய் இன்னொரு வில்லை.