கருவும் கருப்பையும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவியவர் திவான் ராஜா கேசவதாசர். அங்கே தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். புதிய மண்ணில் வேரூன்ற வருவோரின் முயற்சி மட்டும் போதாது, அம்மண்ணும் இடந்தர வேண்டும் என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் நன்கறிவோம். மனித உயிரின் தொடக்கமும் இத்தகையதே.

சாலைக்கு அண்மையிலுள்ள தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் 1916-இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் மகப்பேற்றுப் பணியை ஏற்றார். கரு கருப்பையில் பதியும் முதல் நாட்களை அக்காலத்தில் எவரும் நேரிற் கண்டதில்லை. பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணை மலடி எனப் பழிப்பதோ நம்மிடையே நெடுநாள் வழக்கமாயிருந்தது.

1938 முதல் அமெரிக்க மருத்துவர்களான ஹெர்ட்டிக், ராக் ஆகிய இருவரும் பாஸ்டன் நகரருகே ஆராய்ந்து, மிக இளங்கருக்கள் 34-ஐக் கண்டனர். அவற்றுட் சில தொடக்கத்திலேயே குறையுடையனவாயிருந்தன. ஆயினும், கருவும் கருப்பையும் ஒன்றையொன்று எவ்வாறு அறிகின்றன என்பது விளங்கவில்லை.

அதற்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. இத்தாலியில் யூதர் என்பதற்காகப் பணியிழந்த ரீத்தா லெவி-மொண்டால்சினி அம்மையார், பின்னர் அமெரிக்கா சென்று நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கோஹன், புறத்தோல் வளர்ச்சிக் காரணியை 1962-இல் விளக்கினார். ஓர் உயிரணு சுரக்கும் இத்தகைய புரதம், மற்றோர் உயிரணுவின் மேலுள்ள ஏற்பியைப் பற்றி, அதனை வளரவோ மாறவோ தூண்டுகிறது. இருவரும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

1994-இல், அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய அறிஞர் சுதான்சு டேயும் அவர்தம் குழுவினரும் எலிகளிடம் ஒரு வியப்பைக் கண்டனர். கரு ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே, அது ஒட்டவிருக்கும் இடத்தில் மட்டும், கோஹன் கண்ட காரணியின் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம் கருப்பையில் தோன்றியது. கருவின் மேற்பரப்பிலோ அதற்குரிய ஏற்பி இருந்தது. அழைப்பும் விடையும் இவ்வாறு பொருந்துகின்றன. மனிதக் கருப்பையிலும் ஏற்புக் காலத்தில் அப்புரதம் மிகுதல் பின்னர் அறியப்பட்டது.

அழைப்பு மட்டுமன்று, தடையும் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் பீயூஷ் லாலாவின் குழுவினர், கருப்பைத் திசு சுரக்கும் மற்றொரு காரணி, நஞ்சுக்கொடி அணுக்கள் வரம்பு மீறி ஊடுருவாமல் தடுப்பதைக் காட்டினர். ஊடுருவல் மிகுந்தால் நஞ்சுக்கொடி பிரியாமல் பெருங்குருதிப்போக்கு நேரலாம். குறைந்தால் தாய்க்கு இரத்த அழுத்தம் உயரலாம்.

காலமும் ஒரு வரம்பே. 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு வாரம் கடந்து நிலைத்த கருக்களுள் 100-க்கு 84, சூல் வெளிப்பட்ட 8, 9, 10-ஆம் நாட்களில் பதிந்தவை. அதன்பின் பதிந்தவற்றுட் பாதிக்கு மேல் நிலைக்கவில்லை.

எனவே, கரு தங்காமை ஒரு பெண்ணின் குற்றமன்று. கருவின் இயல்பு, கருப்பையின் அழைப்பு, உரிய காலம் ஆகிய மூன்றும் இசைந்தாலன்றி அது கைகூடாது. நம் இல்லங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் அப்பழிச்சொல்லை நாம் கைவிடுவதே இவ்வரலாற்றை அறிந்ததன் பயனாகும்.