கசக்கும் சுரைக்காய்: தோட்டக் கொடியும் காட்டுக் கொடியும்

சுரை, பீர்க்கு, புடல், பூசணி ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்னும் காட்டு வகைகளையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்பெயர்களில் வரும் 'பேய்' என்பது கசப்பைச் சுட்டும் பழைய எச்சரிக்கை.

கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள். பூச்சிகளும் விலங்குகளும் தின்றுவிடாமல் கொடி தன்னைக் காத்துக்கொள்ள இதனை உண்டாக்குகிறது. கசக்காத காயின் விதையையே உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து விதைத்ததால், தோட்ட வகைகளில் இது மிகக் குறைவு.

ஆயினும் தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. காட்டு வகையின் மகரந்தம் சேர்ந்தால் அவ்வாண்டின் காய் கசக்காது. அதன் விதையிலிருந்து வளரும் கொடியின் காய் கசக்கலாம். முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வீட்டு விதையைச் சேமித்து நடுவோரும், குப்பைமேட்டில் தானாக முளைத்த கொடியின் காயைப் பறிப்போரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். கடும் வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும்கூடக் கசப்பை மிகுவிக்கும்.

நீரிழிவு நோயாளிகள் சிறப்பாகக் கவனிக்கவும். "கசப்பு சர்க்கரைக்கு நல்லது" என்று எண்ணிக் கசந்த சாற்றை முழுவதும் பருகுவது உயிருக்கு ஆபத்தானது. 2010-இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைப் பருகிய ஒருவர் உயிரிழந்தார். சமைத்தாலும் இந்நச்சு அழிவதில்லை. 2015-இல் ஜெர்மனியில், தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினிக் காயைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு. இவ்வறிவுரை அதற்குப் பொருந்தாது. ஆனால் சுரைக்காய்ச் சாற்றுடன் பாகற்காய்ச் சாற்றைக் கலக்காதீர்கள். ஆபத்தான கசப்பு அதில் மறைந்துவிடும்.

நறுக்கியவுடன் சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். நோயாளிக்குச் சுவையுணர்வு குன்றியிருக்கலாம். எனவே பராமரிப்பவரே சுவைத்துப் பார்ப்பது நல்லது.

நிலவேம்புக் குடிநீரில் பேய்ப்புடல் சேர்கிறதே என்று கேட்கலாம். அது அளவறிந்து சேர்க்கப்படும் மருந்துச்சரக்கு, சமையலுக்குரிய காயன்று.

கசந்த காயையோ சாற்றையோ உட்கொண்டபின் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, மயக்கம் தோன்றினால் வீட்டு மருத்துவத்தில் நேரம் கடத்த வேண்டா. இதற்கெனத் தனி மாற்று மருந்து இல்லை. இரத்த அழுத்தம் விரைவில் தாழக்கூடுமாதலால் நரம்புவழி நீர்மம் உடனே தேவைப்படும். 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். என்ன உட்கொண்டார், எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். மீதமிருக்கும் காயையும் எடுத்துச் செல்லுங்கள்.